‘துதித்தால் கிடைக்கும்’ என்பது வேதத்தின் போதனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் துதியின் வல்லமையைக் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேதாகமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜெபத்தையும் அற்புதங்களையும் சுற்றியே எழுதிக்கொண்டிருக்கையில், துதிக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கியதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் கட்டுரையாளர் வந்தடைந்த முடிவு, அவரே எடுத்துக்காட்டிய வேதபகுதிகளோடு ஒத்துப்போகவில்லை. துதி என்பது தடைகளை உடைக்கும் ஆயுதம் என்றும், விடாமல் துதிக்கிறவனுக்கு வேண்டியது கிடைத்தே தீரும் என்றும், கிடைக்காவிட்டால் அவனுடைய துதியில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இன்று பல சபைகளில் மேடையிலிருந்து சொல்லப்படுகிற செய்தியும் இதுவே என்பதால், இதற்கு மறுமொழி எழுதுவது அவசியம் என்று கருதினேன்.

அவர் காட்டிய சான்றுகள் மூன்று: எரிகோவின் மதில், யோசபாத் ராஜாவின் போர், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை. இவற்றை முழுமையாக வாசித்துப் பார்ப்போம்.

எரிகோவின் நிகழ்ச்சியைச் சொல்லும் யோசுவா 6-ஆம் அதிகாரத்தில் துதிப்பாடல் என்று எதுவும் இல்லை. 7 ஆசாரியர்கள் எக்காளம் ஊத, ஜனங்கள் 6 நாட்கள் நாளுக்கு ஒருமுறையும் 7-ஆம் நாளில் 7 முறையும் நகரத்தைச் சுற்றிவந்தார்கள். நான் சொல்லும் நாள்வரை ஆர்ப்பரிக்க வேண்டாம், உங்கள் வாயிலிருந்து ஒரு பேச்சும் புறப்பட வேண்டாம் என்பதே யோசுவா அவர்களுக்கு இட்ட கட்டளை. கடைசியில் எழுந்த ஒரே முழக்கத்தை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய அத்தனை நாள் மௌனத்தையும் விட்டுவிடுவது வசதியான வாசிப்பாகத்தான் இருக்கும். மேலும், முதல் சுற்றுக்கு முன்பாகவே எரிகோவை உன் கையில் ஒப்புக்கொடுத்தேன் என்று கர்த்தர் யோசுவாவிடம் சொல்லிவிட்டார்.

யோசபாத்தின் கதை கட்டுரையாளருக்குச் சற்று அதிகமாகவே துணைநிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2 நாளாகமம் 20-இல் பாடகர்கள் படைக்கு முன்னே நடக்கிறார்கள். அவர்கள் பாடித் துதிக்கத் தொடங்கினபோதுதான் எதிரிகள் தங்களுக்குள்ளே வெட்டுண்டு விழுகிறார்கள். ஆனால் அந்த அதிகாரம் பாடகர்களோடு தொடங்கவில்லை. மோவாபியரும் அம்மோனியரும் திரண்டு வருகிறார்கள் என்று கேட்டு ராஜா பயப்படுகிறான். யூதா முழுவதும் உபவாசம் கூறப்படுகிறது. பெண்களும் குழந்தைகளும் உடன் நிற்க, செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று அவன் எல்லாருடைய முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்கிறான். யகாசியேல் என்ற லேவியன் எழுந்து, இந்த யுத்தம் உங்களுடையதல்ல, தேவனுடையது என்று அறிவித்த பிறகே ராஜாவும் ஜனங்களும் முகங்குப்புற விழுந்து பணிகிறார்கள்; பாடகர்கள் நிறுத்தப்படுவது அதற்கும் மறுநாள். வாக்கு முதலில் வந்தது. அந்த வாக்கை நம்பியவர்களின் மறுமொழியாகத் துதி பின்னால் வந்தது. இந்த வரிசையைத் திருப்பிப்போட்டால் கதையின் பொருளே மாறிவிடுகிறது.

பிலிப்பி சிறைச்சாலைக்கு வருகிறேன். பவுலும் சீலாவும் அடிக்கப்பட்டு, உட்காவலறையில் தள்ளப்பட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில் நடுராத்திரியில் ஜெபம்பண்ணித் தேவனைத் துதித்துப் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன; கட்டுரையாளர் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். அடுத்த வசனங்களைத் தொடர்ந்து படித்திருந்தால், திறந்த கதவின் வழியே அந்த இருவரும் வெளியேறவில்லை என்பதைக் கண்டிருப்பார். கைதிகள் தப்பியோடிவிட்டார்கள் என்று எண்ணித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளப் பட்டயத்தை உருவின சிறைச்சாலைக்காரனைப் பார்த்து, உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் இருட்டுக்குள்ளிருந்து சத்தமிட்டுச் சொல்கிறார். விடுதலைக்காகப் பாடியவர்கள் விடுதலை வந்ததும் அங்கே உட்கார்ந்திருப்பார்களா? அவர்கள் பாடியதைக் காவலில் இருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அந்நூலை எழுதிய லூக்கா குறிப்பிடுவதும், பவுலின் குரலால் ஓர் உயிர் பிழைத்ததும், கதவு திறந்ததைவிட அந்த அதிகாரத்தில் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

துதியின் முழக்கத்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்கிறவர்கள் எடுத்துக்காட்டத் தயங்குகிற அதிகாரம் ஒன்றும் உண்டு. 1 சாமுவேல் 4-இல் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்று, ஏறக்குறைய 4,000 பேரை இழந்தபின், தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளமாகிய உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து பாளயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெட்டி வந்ததும் அவர்கள் பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். அந்த முழக்கத்தைக் கேட்டு, தேவன் பாளயத்தில் வந்துவிட்டார் என்று பெலிஸ்தரே நடுங்கினார்கள். முடிவு என்ன? 30,000 காலாட்படையினர் மடிந்தார்கள், பெட்டி பிடிபட்டது, ஆசாரியனாகிய ஏலியின் மகன்களாகிய ஓப்னியும் பினெகாசும் மாண்டார்கள். பூமியை அதிரவைத்த அந்தக் கூட்டத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை, உற்சாகத்துக்கும் குறைவில்லை. தேவனைத் தாங்கள் இழுத்த இடத்துக்கு வரும் பொருளாக எண்ணியதுதான் அங்கே நடந்த பிழை. அதற்குப் பின்னணியாக, காணிக்கையை அவமதித்த ஆசாரியக் குடும்பத்தின் அக்கிரமம் இரண்டு அதிகாரங்களாக விவரிக்கப்பட்டிருக்கிறது.

துதித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியை வேதத்தில் எழுப்புகிறவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். யோபுவின் புத்தகத்தில், யோபு விருதாவாகவா (பலன் எதுவும் இல்லாமலா) தேவனுக்குப் பயந்து நடக்கிறான் என்று சாத்தான் கேட்கிறான். வேலியடைத்துக் காத்து, கைகளின் கிரியையை ஆசீர்வதித்திருப்பதால்தான் அவன் பணிகிறான், அதை எடுத்துவிட்டால் முகத்துக்கு நேரே தூஷிப்பான் என்பது அந்தக் குற்றச்சாட்டின் சாரம். கட்டுரையாளரின் போதனை சரியென்றால் சாத்தானின் கணக்கும் சரியாகிவிடுகிறது. ஒரே நாளில் மந்தைகளையும் வேலைக்காரர்களையும் பிள்ளைகளையும் இழந்த யோபு, சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து பணிந்து, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்கிறான். பெற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாத இடத்தில் எழுந்த துதி அது. பின்னொரு நாளில் அதே எதிராளி வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்து உலகத்தின் சகல ராஜ்யங்களையும் அவற்றின் மகிமையையும் காட்டி, சாஷ்டாங்கமாய் விழுந்து என்னைப் பணிந்துகொண்டால் இவற்றையெல்லாம் தருவேன் என்கிறான். வழிபாட்டை வெளிப்படையான பேரமாக முன்வைக்கும் குரல் மத்தேயு 4-இல் யாருடையதாக இருக்கிறது என்பதை வாசகர்களே கவனிக்கட்டும். இயேசு உபாகமத்தை எடுத்துரைத்து, கர்த்தர் ஒருவருக்கே ஆராதனை என்று மறுமொழி சொன்னார். அவர் கேட்டால் தருவாரா என்ற பேச்சு அந்த மறுமொழியில் இல்லை.

அப்படியானால் வேதத்தில் ஆசீர்வாத வாக்குகளே இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கின்றன. கர்த்தரையே சேவியுங்கள், அவர் உன் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிப்பார் என்று யாத்திராகமம் 23:25 சொல்கிறது. ஆனால் அந்த வாக்கு, ஏற்கெனவே எகிப்திலிருந்து மீட்கப்பட்டுத் தம்முடையவர்களாக்கப்பட்ட ஜனங்களுக்குத் தரப்பட்டது. அதைப் பாடலுக்கான கூலி விகிதமாக மாற்ற அந்த வசனத்தில் இடமில்லை. அதே வேதத்தில்தான், அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சச்செடியில் பழம் உண்டாகாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் முடிக்கிறான்.

சரி, துதி என்பது பின்னே எது? வேதாகமத்தின் மிகச் சிறிய சங்கீதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 117-ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனங்கள். முதல் வசனம் எல்லா ஜாதிகளையும் எல்லா ஜனங்களையும் துதிக்க அழைக்கிறது. இரண்டாவது, அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது, அவருடைய உண்மை என்றென்றைக்கும் உள்ளது என்று காரணம் சொல்கிறது. அழைப்பும் காரணமும்: நீண்ட துதிச் சங்கீதங்கள் பலவற்றின் எலும்புக்கூடு இதுதான். தேவன் யார், என்ன செய்தார் என்பதைப் பிறர் கேட்க எடுத்துரைப்பது துதி. அதனால்தான் 136-ஆம் சங்கீதம் 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று மீண்டும் மீண்டும் சொன்னாலும், அந்த வரிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சொல்கிறது: வானங்களை உண்டாக்கியது, சிவந்த சமுத்திரத்தைப் பிளந்தது, வனாந்தரத்தில் நடத்தியது, தாழ்வில் நினைத்தருளியது, கடைசியாக, மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுப்பது. பத்து நிமிடம் ஒரே வரியைத் திரும்பப் பாடுவதை நியாயப்படுத்த இந்தச் சங்கீதத்தைக் காட்டுகிறவர்கள், மீண்டும் வரும் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிச் சொல்லப்பட்ட செயல்களை விட்டுவிடுகிறார்கள். காரணம் சொல்லாத துதி மெல்ல மெல்லப் பாடுகிறவனின் உணர்ச்சியைப் பற்றியதாகிவிடுகிறது. நான் உம்மை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும் பாடல்களை எல்லாரும் கேட்டிருக்கிறோம்.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சிடப்பட்டிருந்த வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர் என்பது சங்கீதம் 22:3. நாம் துதித்தால் அவர் இறங்கிவருவார் என்பதற்கு இதைவிட அதிகமாக எடுத்தாளப்படும் வசனம் இல்லை. ஆனால் அந்தச் சங்கீதத்தின் முதல் வரி, என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்பது. இரண்டாவது வசனம், பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவு கொடீர். இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை என்பது. அதற்கு அடுத்த மூச்சில்தான் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவரைப் பற்றிய வரி வருகிறது. முன்னோர்கள் நம்பினார்கள், விடுவிக்கப்பட்டார்கள். நானோ ஒரு புழு என்று சங்கீதக்காரன் புலம்பிக்கொண்டே போகிறான். தேவனுடைய வருகையை உணராதவன், தனக்குத் தெரிந்த தேவன் இன்னாரென்று அவரிடமே சொல்லி முறையிடுவதுதான் அந்த வசனம். சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்ட சொற்களும் இந்தச் சங்கீதத்தின் தொடக்கம்தான். அதற்கு முந்தைய இரவு, பந்தியிலிருந்து எழுந்து ஸ்தோத்திரப்பாட்டைப் பாடியபின் அவர்கள் ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். துதி பாடியவர் கெத்செமனேக்கும் அங்கிருந்து சிலுவைக்கும் நடந்தார். அவருடைய துதியில் குறை இருந்தது என்று கட்டுரையாளர் சொல்லத் துணிவாரா?

துதியையும் ஆராதனையையும் ஒன்றாக்கி, ஆராதனை என்றாலே இசைவேளை என்று பேசுவதும் அந்தக் கட்டுரையில் உண்டு. வேதத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவது உண்மையே என்றாலும், ஆராதனைக்கு இசை கட்டாயமில்லை. மோரியா தேசத்து மலையைத் தூரத்தில் கண்டபோது ஆபிரகாம் வேலைக்காரர்களிடம், நானும் பிள்ளையாண்டானும் அவ்விடமட்டும் போய்த் தொழுதுகொண்டு திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டபோது, அவன் கையில் இருந்தவை நெருப்பும் கத்தியும். தானியேல் 3-ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. 60 முழ உயரப் பொற்சிலைக்கு முன்பாக எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு என்று வாத்தியங்களின் பட்டியலே திரும்பத் திரும்ப அங்கே வாசிக்கப்படுகிறது. இசை எழுந்தவுடன் விழுந்து பணிய வேண்டும் என்பது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் ஆணை. அந்தச் சமவெளியில் இசை முழுவதும் சிலையின் பக்கம் இருந்தது. விழாமல் நின்ற மூன்று வாலிபர்களே தேவனை ஆராதித்தவர்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையைப் பணியமாட்டோம் என்று அவர்கள் சொன்னதில், ‘விடுவிக்காமற்போனாலும்’ என்ற அந்தச் சொல்லை நம் மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை.

இசையைத் தேவனே வேண்டாம் என்று சொன்ன இடமும் இருக்கிறது. உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன் என்று ஆமோஸ் மூலமாக அவர் சொன்னபோது, பாடியவர்கள் அந்நிய தெய்வத்தைப் பாடிக்கொண்டிருந்ததாக அந்த வசனம் சொல்லவில்லை. கர்த்தருக்கென்றே பண்டிகை கொண்டாடிக்கொண்டு, ஒலிமுகவாசலில் ஏழையின் வழக்கைப் புரட்டிக்கொண்டும் அவனிடம் தானியத்தைப் பறித்துக்கொண்டும் இருந்தார்கள். பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கையில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இயேசுவும் சொன்னார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில், நன்மைசெய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று தொடர்கிறது. முதல் வசனம் பல சபைகளின் சுவரில் இருக்கிறது; இரண்டாவது வசனத்தைச் சுவரில் கண்டதாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு சொன்னதால், கைதட்டுவதையும் உரக்கப் பாடுவதையும் நான் குறைசொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கர்த்தரைப் பாடுவதற்கென்று கற்றுத் தேர்ந்த 288 பேரை தாவீது ஏற்படுத்தியதை 1 நாளாகமம் 25 பதிவுசெய்கிறது. பேரோசையுள்ள கைத்தாளங்களோடும் துதியுங்கள் என்று 150-ஆம் சங்கீதம் கட்டளையே இடுகிறது. பெட்டிக்கு முன்பாகத் தாவீது நடனமாடியதைப் பலகணியிலிருந்து பார்த்து இகழ்ந்த அவன் மனைவி மீகாளை வேதம் மெச்சவில்லை. தாழ்ந்த குரலில் பாடினால் பக்தி, உரக்கப் பாடினால் ஆரவாரம் என்று எண்ணுகிறவர்களும், வாய் திறந்து பாடாததையே ஆழமான ஆன்மிகம் என்று கருதுகிறவர்களும் மீகாளின் பலகணியில்தான் நிற்கிறார்கள். சத்தத்தின் அளவில் எனக்கு வழக்கில்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்படுவதுதான் என் வழக்கு. அதனால் மிகவும் அடிபடுகிறவர்கள் யார் என்பதைக் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்: பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தீராத நோயாளி, வேலை இழந்தவர். அவர்களுக்குக் கிடைக்காத விடையோடு சேர்த்து, உன் துதி போதவில்லை என்ற பழியும் அவர்கள் தலையில் ஏற்றப்படுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கடைசியில் தேவன் அவர்களைப் பார்த்து, என்னைக்குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொண்டார்.

கட்டுரையில் உள்ள வேறொரு பிழையையும் திருத்த வேண்டும். சங்கீதங்கள் 150-ஐயும் தாவீதே பாடினார் என்று அதில் உள்ளது. எபிரெய மூலத்தில் 73 சங்கீதங்களின் தலைப்பில்தான் தாவீதின் பெயர் காணப்படுகிறது. 12 ஆசாபின் பெயரிலும், 90-ஆம் சங்கீதம் மோசேயின் பெயரிலும் உள்ளன. பலவற்றுக்குப் பெயரே இல்லை. கோராகின் புத்திரர் பெயரில் உள்ளவற்றில் 88-ஆம் சங்கீதமும் ஒன்று. தொடக்கம் முதல் இறுதிவரை முறையிட்டு, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றே அது முடிந்துவிடுகிறது. விடையும் வரவில்லை, நம்பிக்கையூட்டும் வரியும் கடைசியில் சேர்க்கப்படவில்லை. யோசபாத்தின் நாளில் எழுந்து நின்று மகா சத்தத்தோடே கர்த்தரைத் துதித்தவர்களில் இந்தக் கோராகின் சந்ததியாரும் இருந்தார்கள் என்று 2 நாளாகமம் 20:19 கூறுகிறது. அந்தக் குடும்பத்தின் பெயரில் துதியும் முறையீடும் இரண்டுமே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தொடரின் அடுத்த பகுதியில் அந்த முறையீட்டுச் சங்கீதங்களைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்